39-ஆம் எண் தொகுதி

1952-ல் நாகர்கோவிலிலிருந்து டெல்லிக்குப் போக வேண்டுமென்றால் முதலில் பஸ் ஏற வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டித் திருநெல்வேலிக்குப் போகலாம். இல்லாவிட்டால் தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் போகலாம். எங்கே போய் இறங்கினாலும் அங்கேதான் ரயில். தொகுதிக்குள் ஓரடித் தண்டவாளம் கிடையாது. நாகர்கோவிலின் எம்.பி.யாக ஏ. நேசமணி முதல் மக்களவைக்குப் போனது அந்தக் காலத்தில். அவர் எந்தப் பக்கத்துப் பஸ்ஸில் ஏறியிருந்தாலும் அதில் ஒரு வேடிக்கை இருந்திருக்கும். திருவனந்தபுரம் அவருடைய மாநிலமான திருவிதாங்கூர்-கொச்சியின் தலைநகரம். அந்த மாநிலம் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லத்தான் ஊர் அவரைத் தேர்ந்தெடுத்திருந்தது. திருநெல்வேலி அவர் சேர ஆசைப்பட்ட மாநிலத்தில் இருந்தது. அதுவோ அன்றைக்குக் கணவாய்க்கு அப்பால் இன்னொரு ராஜ்ஜியம் மாதிரி.

இன்று கோட்டாறு ஸ்டேஷனில் நின்றால் வண்டிகளுக்குக் குறைவில்லை. 2024 ஆகஸ்ட் 31 முதல் சென்னை எழும்பூருக்கு வந்தே பாரத் ஓடுகிறது. பக்கத்திலுள்ள கன்னியாகுமரியிலிருந்து டெல்லி நிஜாமுதீனுக்குத் திருக்குறள் எக்ஸ்பிரஸ். அஸ்ஸாமின் திப்ருகருக்கு விவேக் எக்ஸ்பிரஸ். நாட்டிலேயே மிக நீண்ட தூரம் ஓடும் ரயில் இதுதான். ஆனால் இந்த ஸ்டேஷனை நிர்வகிப்பது இன்றைக்கும் திருவனந்தபுரம் கோட்டம். மதுரைக் கோட்டத்தோடு சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை தேர்தலுக்குத் தேர்தல் தூசு தட்டி எடுக்கப்படும். எண்ணிக்கை முடிந்ததும் திரும்ப மேலே போய்விடும். 1956-ல் தாலுகாக்கள் வந்துவிட்டன, தண்டவாளம் வரவில்லை என்று ஊரில் கிண்டலாகச் சொல்லலாம். அப்போது தண்டவாளமே இல்லையே என்று பதிலும் சொல்லலாம்.

தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளில் 39-ஆம் எண் கன்னியாகுமரி. 234 சட்டமன்றத் தொகுதிகளில் கடைசி எண்ணும் இங்கேதான்: கிள்ளியூர். மாநிலத்துக்குப் பிந்தி வந்து சேர்ந்த ஊருக்குக் கடைசி எண் கிடைத்தது தற்செயல். எண்ணிக்கொண்டே வந்தவர்கள் தெற்கே வந்து முடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் இந்தத் தொகுதி இதுவரை யாரை அனுப்பியது என்று வரிசையாகப் பார்த்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. 1956 நவம்பர் 1 அன்று இந்த மண் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. இங்குள்ளவர்களின் ஓட்டு இன்னும் முழுதாகச் சேரவில்லை.

*

பெயரிலிருந்தே தொடங்கலாம். 2008 மறுசீரமைப்புக்கு முன் 'கன்னியாகுமரி' என்று ஒரு மக்களவைத் தொகுதி கிடையாது, 'நாகர்கோவில்' இருந்தது. அதில் நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், திருவட்டாறு, விளவங்கோடு, கிள்ளியூர் என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகள். கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதி மட்டும் திருச்செந்தூர் மக்களவைத் தொகுதிக்குள் கிடந்தது. அதாவது குமரிமுனை, அகஸ்தீஸ்வரம், தோவாளைப் பக்கம் எல்லாம் திருச்செந்தூருக்கு ஓட்டுப் போட்டன. நாஞ்சில் நாடு என்று பழைய ஆட்கள் சொல்வது தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களின் வயற்காட்டைத்தான். அந்த வயற்காட்டின் பெரும்பகுதிக்கு எம்.பி. என்றால் தாமிரபரணிக் கரையின் எம்.பி. மேற்கே குளச்சலில் மீன் விற்பவருக்கு ஒரு எம்.பி., கிழக்கே தோவாளைச் சந்தையில் பிச்சிப்பூ விற்பவருக்கு வேறு எம்.பி.; கலெக்டர் மட்டும் இருவருக்கும் ஒருவர்.

2008-ல் திருவட்டாறு என்ற சட்டமன்றத் தொகுதியே இல்லாமல் போனது. கன்னியாகுமரி உள்ளே வந்தது. மாவட்டமும் மக்களவைத் தொகுதியும் ஒன்றாயின. 2009-க்குப் பிறகு இங்கே எம்.பி. என்றால் மாவட்டம் முழுவதற்கும் ஒருவர். சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் கலெக்டர் ஆபீஸுக்குப் போகும் ஒவ்வொரு மனுவின் நகலும் ஒரே எம்.பி.யிடம் போய்ச் சேரும் என்பது அவர் தலையில் ஏறும் சுமையையே மாற்றிவிடுகிறது.

*

நேசமணி 1895-ல் விளவங்கோடு தாலுகாவில் பள்ளியாடியில் பிறந்தவர். நாகர்கோவிலில் வக்கீல். கோர்ட்டில் மேல்சாதி வக்கீல்களுக்கு நாற்காலியும் மற்றவர்களுக்கு முக்காலியும் போட்டிருந்ததாம். முதல் நாளே முக்காலியைக் காலால் எத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார் என்பது குமரியில் பாட்டன்மார் பேரன்மாருக்குச் சொல்லும் கதை. அப்படியே நடந்ததா, சொல்லிச் சொல்லி வளர்ந்ததா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. ஒரு ஊர் தன் தலைவரைப் பற்றி முதலில் சொல்லும் கதை எது என்பதிலேயே அவர் அந்த ஊருக்கு யார் என்பது தெரிந்துவிடும். 'மார்ஷல்' என்ற அடைமொழியும் ஊர் கொடுத்ததுதான்.

1945 டிசம்பரில் தொடங்கிய இயக்கம் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸாக வளர்ந்தது. தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்பதே அதன் ஒரே வேலை. 1952 பொதுத்தேர்தலில் அந்தக் கட்சியின் ஒரே எம்.பி.யாக நேசமணி டெல்லிக்குப் போனார். நாடெங்கும் நேருவின் அலை அடித்த தேர்தல் அது. இந்த மூலை மட்டும் அகில இந்தியக் காங்கிரஸை விட்டுவிட்டு, தன் பெயரிலும் காங்கிரஸ் என்று வைத்துக்கொண்டு, வேறு ஒரு காங்கிரஸுக்கு ஓட்டளித்தது.

அன்று ஓட்டுப் போட்ட விதமும் வேறு. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி; பெட்டியின் மேல் சின்னம் ஒட்டியிருக்கும். கையில் கொடுக்கும் சீட்டில் பெயரும் இருக்காது, சின்னமும் இருக்காது. மறைவுக்குள் போய் எந்தப் பெட்டியில் போடுகிறோமோ அவருக்கு அந்த ஓட்டு. முத்திரை குத்தும் வழக்கம் பிற்பாடு வந்தது. இன்றைய வாக்காளர் பொத்தானை அமுக்கிவிட்டு, கண்ணாடிக்குள் 7 விநாடி தெரியும் சீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். 1952-ல் பெட்டியைக் கண்டுபிடித்தால் போதும். மனதில் குழப்பம் எதுவும் இருந்திருக்காது. கேள்வி ஒன்றுதான்: இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

அந்தக் கேள்விக்கான விலை 1954-ல் கேட்கப்பட்டது. திருவிதாங்கூர்-கொச்சியில் பட்டம் தாணு பிள்ளையின் பிரஜா சோசலிஸ்ட் ஆட்சி. தேவிகுளம் பக்கம் போன நேசமணி கைது செய்யப்பட்டார். ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூடு. செத்தவர்கள் சாதாரண ஊர்க்காரர்கள். ராம் மனோகர் லோகியா தன் கட்சியின் முதலமைச்சரே பதவி விலக வேண்டும் என்று கேட்டார். கட்சி கேட்கவில்லை, அந்தக் கட்சி பின்னால் உடைந்ததற்கு இந்தக் குமரிக்காட்டுத் துப்பாக்கிச் சத்தமும் ஒரு காரணம். இந்திய சோசலிஸ்டுகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் புதுக்கடை எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேட வேண்டியிருக்கும்.

மாநில மறுசீரமைப்புக்கான ஃபசல் அலி கமிஷன் இணைப்பைப் பரிந்துரைத்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் 1956 நவம்பர் 1 அன்று வந்து சேர்ந்தன. தேவிகுளமும் பீருமேடும் வரவில்லை. சென்னை ராஜ்ஜியத்தின் முதலமைச்சராக இருந்த காமராஜர் அவற்றை அழுத்திக் கேட்கவில்லை என்ற மனத்தாங்கல் இன்றும் சில வீடுகளில் உண்டு. பத்மநாபபுரம் தமிழ்நாட்டுக்கு வந்தது; அங்கேயுள்ள அரண்மனை கேரளத் தொல்லியல் துறையிடமே நின்றுவிட்டது. இன்று டிக்கெட் வாங்கி அதற்குள் நுழைந்தால் தமிழ்நாட்டுக்குள் இருக்கும் கேரளத்தில் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு வரலாம்.

*

வேலை முடிந்த கட்சி கலைந்து காங்கிரஸோடு சேர்ந்தது. 1957-ல் பி. தாணுலிங்க நாடார் காங்கிரஸ் எம்.பி. இவரும் இணைப்புப் போராட்டத்து ஆள். 1962, 1967 இரண்டிலும் மறுபடி நேசமணி, இப்போது காங்கிரஸில். 1967-ல் தமிழ்நாடெங்கும் காங்கிரஸ் சரிந்தது. விருதுநகரில் காமராஜரே ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். நாகர்கோவில் அசையவில்லை.

1968 ஜூன் 1 அன்று நேசமணி காலமானார். 1969 ஜனவரியில் இடைத்தேர்தல். விருதுநகரில் தோற்ற காமராஜர் இங்கே வந்து நின்றார். எதிரில் தி.மு.க. ஆதரவு பெற்ற டாக்டர் மத்தியாஸ். ஆட்சியும் தி.மு.க.வுடையது, அண்ணாதுரை முதலமைச்சர். காமராஜர் 1,28,201 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். சொந்த ஊர் 1,285-ல் இறக்கிய மனிதரை, தாலுகாக்களைக் குறைத்து வாங்கிவிட்டார் என்று வருத்தப்பட்ட ஊர் 1,28,201-ல் தூக்கி வைத்தது. சாதிக் கணக்கு இருந்ததா என்று கேட்டால், இருந்தது. நாடார்கள் பெருமளவில் வாழும் தொகுதி இது. ஆனால் அந்தக் கணக்கு மத்தியாஸுக்குத் தெரியாததும் அல்ல. நான்கு தாலுகா சேர்ந்த பிறகு முதலமைச்சர் என்று யாரைப் பார்த்தார்களோ அவருக்குப் போட்டார்கள் என்பது என் எண்ணம். பள்ளிக்கூடமும் மதிய உணவும் கால்வாயும் வந்த காலம் அது. மாத்தூர்த் தொட்டிப்பாலத்தில் இன்றைக்குச் சுற்றுலாக்காரர்கள் செல்ஃபிக்காக ஏறுகிறார்கள். அது கட்டப்பட்டது விளவங்கோட்டு வயலுக்குத் தண்ணீர் போக.

காங்கிரஸ் உடைந்தது. 1971-ல் இந்திரா காந்தியும் தி.மு.க.வும் ஒரே அணி. தமிழ்நாட்டின் 39 இடங்களில் 38 அந்த அணிக்கு. மீதி ஒன்று நாகர்கோவில். ஸ்தாபன காங்கிரஸ் காமராஜர். நாடு முழுவதும் தோற்றுப்போன ஒரு கட்சியின் தலைவரை இந்த ஊர் மட்டும் டெல்லிக்கு அனுப்பியது. 1975 அக்டோபர் 2 அன்று அவர் மறைந்தபோது நெருக்கடி நிலை. 1977 பொதுத்தேர்தல் வரை இந்தத் தொகுதிக்கு எம்.பி.யே இல்லை. காமராஜரின் இருக்கையை ஒன்றரை வருடம் காலியாகப் போட்டது யாருக்கும் உறுத்தியதாகத் தெரியவில்லை.

இந்தத் தனி ஓட்டம் ஒருமுறை இரண்டுமுறை நடந்ததல்ல. 1977-ல் அ.தி.மு.க.–காங்கிரஸ் அணி மாநிலத்தை வாரியபோது இங்கே ஸ்தாபன காங்கிரஸின் குமரி அனந்தன். 1998-ல் அ.தி.மு.க.–பா.ஜ.க. அணி 30 இடம் பிடித்தபோது இங்கே தமிழ் மாநில காங்கிரஸ் (த.மா.கா.). 2014-ல் ஜெயலலிதா தனித்து நின்று 37 இடம் வென்றபோது கைதப்பிய இரண்டில் ஒன்று தருமபுரி, மற்றொன்று கன்னியாகுமரி. அரை நூற்றாண்டைத் தாண்டிய அ.தி.மு.க. இந்த மக்களவைத் தொகுதியில் இதுவரை ஜெயித்ததே இல்லை. 2024-ல் நான்காம் இடம். தி.மு.க.வுக்கு ஒரே ஒரு தடவை, 2009.

ஏன் இப்படி என்று சென்னைப் பத்திரிகை நண்பர்கள் கேட்பதுண்டு. 'அங்கே எல்லாம் மதம்தான்' என்று அவர்களே பதிலும் சொல்லிக்கொள்வார்கள். மதத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒன்று. சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சியும் சுயமரியாதை இயக்கமும் உழுத நிலத்தில்தான் தி.மு.க. விதைத்தது. திருவிதாங்கூர் வேறு ராஜ்ஜியம். இங்கே அந்த உழவை வேறு ஏர்கள் செய்து முடித்திருந்தன. சாமிதோப்பில் அய்யா வைகுண்டர், லண்டன் மிஷன் பள்ளிக்கூடங்கள், 1859-ல் முடிவுக்கு வந்த தோள்சீலைக் கலகம், 1936-ன் ஆலயப் பிரவேசம். முண்டாசு கட்டலாமா, மாராப்புப் போடலாமா என்ற சண்டையை ஏற்கெனவே போட்டு முடித்த ஊரில் திராவிடக் கட்சிகளின் மேடைப் பேச்சு கொஞ்சம் தாமதமாகவே வந்து சேர்ந்தது. மேற்கே விளவங்கோடு, திருவட்டாறு ரப்பர்க்காடுகளில் கம்யூனிஸ்டுகள் கேரளத்து வழியாக வந்து வேர்பிடித்தார்கள். நாஞ்சில் நாட்டுப் பூதப்பாண்டியில் பிறந்த ஜீவா மட்டும் 1952-ல் வண்ணாரப்பேட்டையிலிருந்து சட்டமன்றம் போனார். ஊர் தன் ஆளை வெளியே அனுப்பும். வெளி ஆளான காமராஜரை உள்ளே எடுத்துக்கொள்ளும்.

*

குமரி அனந்தனின் மூன்று வருடங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தமிழ் பேசுவதற்காக ஒரு மாநிலத்தைவிட்டு இன்னொரு மாநிலத்துக்கு மாறிய தொகுதியிலிருந்து போன அவர், மக்களவையில் தமிழில் கேள்வி கேட்கும் உரிமைக்காக மல்லுக்கட்டிப் பெற்றார். மணியார்டர் பாரத்திலும் தந்தியிலும் தமிழ் வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டே இருந்தவர். அதே காலத்தில்தான், 1979-ல், திருவனந்தபுரம்–கன்னியாகுமரி ரயில்பாதை திறக்கப்பட்டது; திருநெல்வேலிப் பக்கத்து இணைப்பு 1981-ல். ரயில் முதலில் மேற்கிலிருந்துதான் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். திருவனந்தபுரம் கோட்டமும் 1979-ல் பிறந்தது. கோட்டப் பிரச்சினையின் வேர் அங்கே இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த எம்.பி.க்கள் எல்லோரும் அந்த வேரைச் சுற்றித்தான் தண்ணீர் ஊற்றியோ வெட்டியோ வருகிறார்கள்.

1980-லிருந்து என். டென்னிஸ். 1980, 84, 89, 91-ல் கை; மூப்பனார் த.மா.கா.வாகப் பிரிந்தபோது 1996, 98-ல் சைக்கிள். ஆறு முறை தொடர்ந்து. நேசமணி போலக் கதைகளும் இல்லை, காமராஜர் போலப் பெயரும் இல்லை. ஆனால் இந்தத் தொகுதியில் அதிக முறை வென்றவர் அவர்தான். சின்னம் மாறியபோதும் ஆளை மாற்றாத ஊர் என்பது ஒன்று. அமைதியான எம்.பி.யைப் பற்றி எழுத நம் போன்றவர்களுக்கு வராது என்பது இன்னொன்று.

ஆனால் அந்த அமைதியான பத்தொன்பது வருடங்களுக்கு அடியில்தான் தொகுதி மாறியது. 1982 மார்ச்சில் மண்டைக்காடு பகவதி அம்மன் கொடைவிழாவின்போது மூண்ட கலவரமும் போலீஸ் துப்பாக்கிச் சூடும் கடற்கரை ஊர்களையும் உள்நாட்டு ஊர்களையும் பிரித்துப்போட்டன. வேணுகோபால் கமிஷன் விசாரித்தது. 1957-ல் காங்கிரஸ் எம்.பி.யாக இருந்த தாணுலிங்க நாடாரே இந்து முன்னணியின் தலைவரானார். தமிழுக்காக ஒரே மேடையில் நின்றவர்களை இனி எதிரெதிர் மேடைகளில் பார்க்கலாம் என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். 1996-ல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் பா.ஜ.க. உறுப்பினர் சி. வேலாயுதன், தொகுதி பத்மநாபபுரம்.

*

1999-ல் தி.மு.க. கூட்டணியோடு பா.ஜ.க.வின் பொன். ராதாகிருஷ்ணன் வென்றார். மத்திய இணை அமைச்சரும் ஆனார். 2004-ல் மார்க்சிஸ்டுக் கட்சியின் ஏ.வி. பெல்லார்மின். 2009-ல் தி.மு.க.வின் ஜே. ஹெலன் டேவிட்சன், இந்தத் தொகுதி இதுவரை அனுப்பிய ஒரே பெண். கல்வியறிவில் மாநிலத்திலேயே முதலிடம், 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம் என்று மேடைதோறும் பெருமை பேசும் மாவட்டம், ஒரு பெண்ணை டெல்லிக்கு அனுப்ப 57 வருடம் எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பவும் இல்லை.

அதே கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை 18,70,374. இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85, முஸ்லிம்கள் 4.20. இந்த மூன்று எண்களையும் மனப்பாடமாகச் சொல்லாத கட்சி வட்டச் செயலாளரை நான் பார்த்ததில்லை. தேர்தல் காலத்தில் டீக்கடையில் 'எந்தக் கட்சி?' என்ற கேள்விக்கு முன்னால் வேறு ஒரு கேள்வி மெதுவாக வரும். வேட்பாளர் பெயரைக் கேட்டதுமே பாதிப் பதில் கிடைத்துவிடும் என்பதால் அந்தக் கேள்வியைப் பெரும்பாலும் வாய்விட்டுக் கேட்க வேண்டியதும் இல்லை.

ஆனால் எண்கள் வேறு ஒன்றையும் காட்டுகின்றன. 1999 முதல் 2024 வரை இடைத்தேர்தலையும் சேர்த்து ஏழு மக்களவைத் தேர்தல், ஏழிலும் பா.ஜ.க. வேட்பாளர் பொன். ராதாகிருஷ்ணன் ஒருவரேதான். இரண்டு வெற்றி, ஐந்து தோல்வி. 2014-ல் அவர் வாங்கியது 3,72,906, ஜெயித்தார். 2019-ல் 3,67,302; தோற்றார். 2024-ல் 3,66,341; மறுபடி தோற்றார். அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள் கிட்டத்தட்ட அங்கேயேதான் நிற்கிறார்கள். மாறியது எதிர்ப்பக்கம். 2014-ல் காங்கிரஸ், தி.மு.க., அ.தி.மு.க., மார்க்சிஸ்ட் நான்கும் தனித்தனியாக நின்றன. 2019-ல் அ.தி.மு.க. தவிர்த்த மூன்றும் ஒன்றாக நின்றன. அந்த வருடம் காங்கிரஸின் எச். வசந்தகுமார் 6,27,235 வாங்கி, 2,59,933 வித்தியாசத்தில் ஜெயித்தார். அலை அடித்தது, மனம் மாறியது என்றெல்லாம் எழுதுவதைவிட, சிதறிக் கிடந்தது சேர்ந்தது என்று எழுதுவது சரியாக இருக்கும். இடையில் வேடிக்கையாக ஒன்று: 2014-ல் வித்தியாசம் 1,28,662. காமராஜரின் 1,28,201-ஐவிட 461 மட்டுமே கூடுதல். நாற்பத்தைந்து வருட இடைவெளியில், எதிரெதிர் அரசியலுக்கு, ஊர் ஏறக்குறைய ஒரே எடைக்கல்லை வைத்திருக்கிறது.

ஓட்டுக் கேட்கும் பொருளும் மாறிவிட்டது. நேசமணியிடம் ஊர் கேட்டது ஒன்றே ஒன்று. இன்றைய எம்.பி.யிடம் கேட்பதற்கு ஒரு சாக்குமூட்டை இருக்கிறது. மார்த்தாண்டம், பார்வதிபுரம் மேம்பாலங்கள் வந்தன; கட்டும்போது 'எதற்கு' என்றார்கள், கட்டிய பிறகு அதன் கீழே நிழலில் வண்டி நிறுத்துகிறார்கள். காவல்கிணறிலிருந்தும் களியக்காவிளைப் பக்கமிருந்தும் வரும் நான்குவழிச் சாலைக்குக் குளங்களும் வயல்களும் போயின. 2016-ல் இனயத்தில் சரக்குப் பெட்டக மாற்றுமுனையத் துறைமுகத்துக்கு மத்திய அமைச்சரவை கொள்கை ஒப்புதல் கொடுத்தது. கடற்கரை ஊர்கள் கொதித்தன. பிறகு கோவளம்–மணக்குடி என்றார்கள், அங்கேயும் அதே. ரோடும் பாலமும் கேட்டவர்களுக்கு அது வளர்ச்சி. கட்டுமரமும் வள்ளமும் ஏற்றிவைக்கும் மணல்திட்டைத் தவிர வேறு நிலம் இல்லாதவர்களுக்கு அது வீட்டுக்கு வந்த ஜப்தி நோட்டீஸ்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆழ்கடல் மீனவர்கள் கரைக்குத் தகவல் எட்டாத தூரத்தில் இருந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட குமரி மீனவர்கள் திரும்பவில்லை. பலருடைய உடலும் கிடைக்கவில்லை. நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை கடற்கரை அந்தக் கிறிஸ்துமஸை எப்படிக் கழித்தது என்று பார்த்தவர்களுக்கு, 2019-ன் எண்கள் ஆச்சரியம் தந்திருக்காது.

கிழக்கே நெல் விவசாயிக்குக் கேள்வி வேறு. பேச்சிப்பாறைத் தண்ணீர் கடைவரம்பு வரை வருமா? வயலைப் பிளாட் போட்டவன் பக்கத்து வயலுக்கு ஓடை விட்டானா? மேற்கே விளவங்கோட்டில் நெய்யாறு இடதுகரைக் கால்வாய். நெய்யாறு அணை கேரளத்தில். கால்வாயின் கடைசிப்பகுதி தமிழ்நாட்டில். 2004-ல் கேரளம் தண்ணீரை நிறுத்தியது; 2012-ல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. எல்லா வேட்பாளர்களும் இந்தக் கால்வாயை வாயாலேயே நிரப்புகிறார்கள். எல்லை மாறியபோது மனிதர்கள் இந்தப் பக்கம் வந்தார்கள், மதகு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. இணைப்புப் போராட்டத்தில் கொடி பிடித்த தாலுகாவிலேயே இது நடந்திருக்கிறது என்பதுதான் என்னைக் கொஞ்சம் தொந்தரவு செய்கிறது.

*

இந்தத் தொகுதியின் இருக்கையில் இருக்கும்போதே மூன்று பேர் இறந்திருக்கிறார்கள்: நேசமணி, காமராஜர், வசந்தகுமார். கடைசியாகச் சொன்னவரை 2020 ஆகஸ்ட் 28 அன்று கொரோனா கொண்டுபோனது. 1978-ல் சென்னையில் தொடங்கிய கடையின் விளம்பரத்தில் தானே வந்து பேசி, தமிழ்நாட்டில் டிவி இருந்த வீடெல்லாம் முகம் தெரிந்த மனிதர். வீட்டுக்கு மிக்ஸி தவணையில் கொடுத்தவர் என்ற அடையாளம் அவருடைய கட்சிப் பதவிகளைவிட முன்னால் நின்றது. 2021 ஏப்ரலில் சட்டமன்றத் தேர்தலோடு நடந்த இடைத்தேர்தலில் மகன் விஜய் வசந்த் 1,37,950 வித்தியாசத்தில் வந்தார். 2024-ல் அது 1,79,907 ஆனது. சென்னை 600028-இல் நடித்த பையன்தானே என்று முதலில் சொன்னவர்கள் இப்போது எம்.பி. என்று சொல்லப் பழகிவிட்டார்கள். 1969-லும் ஒரு மரணத்துக்குப் பிறகுதான் இடைத்தேர்தல். அப்போது ஊர் தேடியது ஒரு தலைவரை, இப்போது மகனை. காலம் மாறிவிட்டது என்று சலித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. தலைவர்கள் அப்படி வரிசையில் காத்து நிற்கவும் இல்லையே.

அந்தக் குடும்பத்தையே ஒரு தனிக் கட்டுரையாக எழுதலாம். அண்ணன் குமரி அனந்தன் இதே தொகுதியின் எம்.பி.; தம்பி வசந்தகுமார் எம்.பி.; தம்பி மகன் எம்.பி.; அண்ணன் மகள் தமிழிசை சௌந்தரராஜன் பா.ஜ.க. தலைவர், ஆளுநராகவும் இருந்தவர். ஒரே வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்தால் மாவட்டத்தின் இரண்டு பக்கமும் ஒரே இலையில் பரிமாறின மாதிரி இருக்கும். 2024-ல் விளவங்கோடு எம்.எல்.ஏ.வாக இருந்த காங்கிரஸ்காரர் விஜயதரணி பா.ஜ.க.வுக்குப் போனதும், அதே வருடம் ஏப்ரலில் நடந்த இடைத்தேர்தலில் காங்கிரஸின் தாரகை கத்பட் அந்த இடத்தைப் பிடித்ததும் இந்தப் பந்தியின் தொடர்ச்சிதான்.

டெல்லி இப்போது அடிக்கடி இங்கே வருகிறது. 2022 செப்டம்பர் 7 அன்று ராகுல் காந்தியின் நடைப்பயணம் குமரிமுனையிலிருந்து தொடங்கியது. 2024-ல் நாட்டின் கடைசிக்கட்ட வாக்குப்பதிவு நடந்துகொண்டிருந்தபோது பிரதமர் மோடி விவேகானந்தர் பாறையில் தியானத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த இரண்டு படங்களிலும் பின்னணியில் கடல் இருக்கும். நாற்பதுக்கு மேற்பட்ட மீனவ ஊர்களில் ஒன்றுகூடத் தெரியாது. குமரிமுனை இந்தியாவின் தொடக்கமா முடிவா என்பது படமெடுக்க வருகிறவர்களின் தேவையைப் பொறுத்தது.

படத்தில் வராத ஊர்களில் ஒன்று அகஸ்தீஸ்வரம். முனையிலிருந்து கூப்பிடு தூரம். குமரி அனந்தனும் வசந்தகுமாரும் பிறந்த ஊர். 1977-ல் அண்ணன் நாகர்கோவிலில் ஜெயித்தபோது, அகஸ்தீஸ்வரத்துக்காரர்கள் அவருக்கு ஓட்டுப் போட முடியவில்லை. அவர்களுடைய சீட்டு திருச்செந்தூருக்குப் போனது. 2019-ல் தம்பி நின்றபோது அந்த ஊர் தன் ஊர்க்காரருக்குப் போட்டு அவரை ஜெயிக்கவும் வைத்தது. அடுத்த வருடம் சென்னையிலிருந்து ஆம்புலன்ஸில் வந்த அவரைத் தாய் தகப்பன் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு, கொஞ்சம் தள்ளித் தள்ளி நின்று, எல்லாக் கட்சிக்காரர்களும் மண் போட்டார்கள்.